பிக்கப்புக்குள்ள ஃபிஃப்த் வீல் ஹிட்ச் எங்க பூட்டுறது: அக்சிலுக்கு மேலயா, முன்னுக்கா, பின்னுக்கு நழுவுற மாதிரியா?

கால்கரியில இருக்கிற மச்சான் ஃபிஃப்த் வீல் கேம்பர் ஒண்டு, அதாவது பிக்கப்பில கொழுவி இழுக்கிற வீட்டு ட்ரெய்லர், வாங்கப் போறார், பிக்கப் ஏற்கனவே எடுத்தாச்சு, இப்ப கேள்வி என்னண்டா ட்ரெய்லரக் கொழுவுற ஹிட்ச பெட்டுக்குள்ள, அதாவது பிக்கப்பின்ட சாமான் ஏத்துற தட்டுக்குள்ள, எந்த இடத்தில பூட்டுறது, கடைக்காரன் ஒண்டு சொல்லுறான், வேலை இடத்தில கூட இருக்கிறவன் இன்னொண்டு சொல்லுறான், வீடியோவப் பாத்தா அதுல வேற ஒரு கதை, நீ என்னடா சொல்லுறாய் எண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டு விட்டிருக்கிறார். திருகோணமலையில நிண்டுகொண்டு கனடாக் கேம்பருக்கு நியாயம் சொல்ல உனக்கென்ன தெரியும் எண்டு கேப்பீங்க. சீனக்குடாப் பக்கம் பிரைம் மூவர் ஓடின ஆள் நான், பிரிமா மில்லில இருந்து மா ஏத்திக்கொண்டு கந்தளாய், ஹபரணை எண்டு போற ட்ரெய்லர் எல்லாம் இதே சாமான்லதான் கொழுவி ஓடுது. இப்ப ஓட்டத்த விட்டிட்டு போட் ட்ரெய்லர் வெல்டிங் செய்யுறன். இங்கயும் சில பேர் டபுள் கெப்புக்கு இதப் பூட்டலாமோ எண்டு கேட்டபடியா எல்லாருக்கும் சேத்தே எழுதுறன், எங்கட ஊர்க் கதை கடைசியில வரும்.

பம்பருக்குக் கீழ பந்து வச்சு இழுக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஃபிஃப்த் வீல் அப்பிடி இல்ல, லாடம் மாதிரி வாய் திறந்த ஒரு இரும்புத் தட்டு பிக்கப்பின்ட பெட்டுக்குள்ள நிக்கும், ட்ரெய்லரின்ட மூக்கு உயந்து பெட்டுக்கு மேலால நீட்டிக்கொண்டு வரும், அதுக்கு அடியில 2 இஞ்ச் தடிப்பில ஒரு கிங் பின் தொங்கும், பிக்கப்ப பின்னுக்கு எடுக்க பின் வாய்க்குள்ள போகும், கடக் எண்டு ஜோ, அதாவது பின்னப் பிடிக்கிற தாடை, மூடும். எங்கட 40 அடிக் கண்டெய்னர் ட்ரெய்லருக்கும் வழமையா அதே 2 இஞ்ச் பின்தான். ஆனா பிரைம் மூவர் இதுக்கெண்டே செய்த வாகனம், கேபினுக்கும் தட்டுக்கும் இடையில எவ்வளவு வேணும் எண்டு செய்தவன் கணக்குப் பாத்து விட்டிருப்பான். பிக்கப் அப்பிடி இல்ல, குடும்பம் ஏத்துறதும் அதுலதான் சாமான் ஏத்துறதும் அதுலதான், வர வர கேபின் பெருத்து நாலு கதவு வந்திட்டுது, பெட் கட்டையாப் போச்சு. இழுபறி அங்கதான் துவங்குது.

இழுபறி எண்டா இதுதான். பாரம் பின் அக்சிலுக்கு நேர மேல, இல்லாட்டி கொஞ்சம் முன்னுக்கு விழுந்தாத்தான் வாகனம் சொல்லுக் கேக்கும். அதுக்கு ஹிட்ச முன்னுக்கு வைக்க வேணும். முன்னுக்கு வச்சா, வளைக்கேக்க ட்ரெய்லரின்ட முன் மூலை வந்து கேபினின்ட பின் கண்ணாடியில இடிக்கும். இடிக்காம இருக்க ஹிட்ச பின்னுக்குத் தள்ள வேணும். ஒண்டுக்கு நல்லது செய்தா மற்றது கெடும், சந்தையில இருக்கிற அத்தனை விதமான ஹிட்சும் இந்த ஒரு சிக்கலுக்கு வெவ்வேற விதமாச் சொன்ன பதில்தான்.

முதல்ல பாரத்தின்ட கணக்கப் பாப்பம், ஏனெண்டா அக்சிலுக்குப் பின்னால ஒரு இஞ்ச் போனாலே முன் சில்லு தூக்கிடும் எண்டு பயப்படுத்துறவங்களும் இருக்கிறாங்க, அதெல்லாம் ஒண்டுமில்ல எங்கயும் பூட்டலாம் எண்டுறவங்களும் இருக்கிறாங்க. கேம்பரின்ட மொத்தப் பாரம் 5,500 கிலோ எண்டு வைப்பம். ஃபிஃப்த் வீலில கிங் பின்னில விழுற பாரம் மொத்தத்தில 15இல இருந்து 25 வீதம் வரைக்கும் வரும், நடுவில 20 எண்டு பிடிச்சா 1,100 கிலோ. பிக்கப்பின்ட முன் அக்சிலுக்கும் பின் அக்சிலுக்கும் இடையில 160 இஞ்ச். ஹிட்ச் 4 இஞ்ச் முன்னுக்கு இருந்தா 1,100ஐ 4ஆல பெருக்கி 160ஆல பிரிக்க முன் சில்லுக்குப் போறது 27, 28 கிலோ. 4 இஞ்ச் பின்னுக்கு இருந்தா அதே 28 கிலோ முன் சில்லில குறையும். இவ்வளவுதான். 12 இஞ்ச் பின்னுக்குப் போனாக் கூட 82 கிலோதான் குறையும். இதே ட்ரெய்லர பம்பருக்குக் கீழ பந்தில கொழுவி, பந்தில 550 கிலோ விழுந்து, பந்து அக்சிலில இருந்து 50 இஞ்ச் பின்னுக்கு இருந்தா முன் சில்லில 170 கிலோவுக்கு மேல தூக்கும், அதுக்குத்தான் அங்க பாரம் பகிர்ற ஸ்பிரிங் பார் எல்லாம் வைக்கிறாங்க.

அப்ப ஏன் எல்லாரும் அக்சிலுக்குப் பின்னால வைக்காத, வைக்காத எண்டு சொல்லுறாங்க? பாரம் மட்டும் இல்ல காரணம், பக்கத்தால தள்ளுறதும்தான். ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கேக்க வெறும் கண்டெய்னரோட தம்பலகாமத்து வயல்வெளியால வந்த ஆக்களுக்கு இது சொல்லித் தெரியத் தேவையில்ல, பெட்டியில காத்து விழும், பெட்டி கிங் பின்னப் பக்கமாத் தள்ளும், கிங் பின் அக்சிலுக்கு நேர மேல இருந்தா அந்தத் தள்ளல பின் டயரே தாங்கும், ஸ்டியரிங்குக்கு ஒண்டும் வராது. கிங் பின் அக்சிலுக்குப் பின்னால இருந்தா அது ஒரு நெம்புகோல், வால ஒரு பக்கம் தள்ளினா மூக்கு மற்றப் பக்கம் போகும், நீங்க திருத்துவீங்க, அதுக்குள்ள அடுத்த காத்து வரும். அல்பேர்ட்டாவில லெத்பிரிட்ஜ் பக்கம் காத்து எப்பிடி எண்டு மச்சானுக்கே தெரியும், கேம்பர் எண்டா கண்டெய்னர விட இலகு, பக்கச் சுவர் மட்டும் அதே உயரம். பிறேக் பிடிக்கேக்கயும் இதே கதைதான், ட்ரெய்லர் நேர நிக்காமக் கொஞ்சம் கோணியிருந்தா தள்ளல் கோணலா வரும். அதால ஓடுற நேரத்தில ஹிட்ச் அக்சிலுக்கு நேர மேலயோ ரெண்டு இஞ்ச் முன்னுக்கோ இருக்க வேணும், இதுல எனக்குப் பேரம் இல்ல. 4 இஞ்சுக்கு மேல முன்னுக்குப் போறதிலயும் ஒரு பெரிய லாபமும் இல்ல, கேபின் கிட்ட வாறதுதான் மிச்சம்.

இனிக் கேபின் பக்கம். இதுக்கு அளவு எடுக்காமக் கதைக்கிறதில பிரயோசனமில்ல. பின் சில்லின்ட ஹப் நடுவுக்கு நேர மேல பெட்டின்ட விளிம்பில இருந்து ஒரு தூக்குக்குண்டு விடுங்க, மேசன்மார் வச்சிருக்கிறது காணும், குண்டு ஹப் நடுவில நிக்கிற இடத்த விளிம்பில சோக்கால குறியுங்க, மற்றப் பக்கமும் அப்பிடியே குறிச்சு ரெண்டுக்கும் நடுவில நைலோன் நூல் ஒண்டக் கட்டுங்க, அந்த நூல்தான் உங்கட அக்சில். பெட்டுக்குள்ள மேடா இருக்கிற சில்லு வளைவின்ட நடுவப் பாத்து அக்சில் இதுதான் எண்டு முடிவெடுக்காதீங்க, ரெண்டும் ஒரே இடத்தில இருக்க வேணும் எண்டு கட்டாயம் இல்ல. நூலில இருந்து கேபினின்ட பின் சுவருக்கு டேப் பிடிங்க. 8 அடி பெட் உள்ள வாகனத்தில இது 50 இஞ்சுக்கு மேல வரும், ஆறரை அடி பெட்டில 40 அளவில நிக்கும், அஞ்சரை அடி எண்டா இன்னும் குறையும்.

இனி ட்ரெய்லர். அங்க பெரிய கேம்பர் எல்லாம் 102 இஞ்ச் அகலம், பாதி 51. ட்ரெய்லர் முழுசா 90 பாகை திரும்பி நிண்டா அதின்ட பக்கச் சுவர் கிங் பின்னில இருந்து 51 இஞ்ச் தள்ளி கேபினுக்குச் சமாந்தரமா நிக்கும். மச்சான்ட பெட் ஆறரை அடி, நூலில இருந்து கேபினுக்கு 40. ஹிட்ச அக்சிலுக்கு நேர வச்சா 11 இஞ்ச் காணாது, ரெண்டு இஞ்ச் முன்னுக்கு வச்சா 13 காணாது.

இதுல கன பேர் விடுற விசயம் ஒண்டு இருக்கு: 90 பாகைதான் மோசமான இடம் எண்டு நினைக்கிறது. மூக்கு சதுரமா இருந்து, கிங் பின் முன் விளிம்பில இருந்து உள்ளுக்கு இருந்தா, மூலைதான் பின்னில இருந்து ஆகத் தூரத்தில இருக்கிற புள்ளி, அது 90க்கு வர முதலே கேபினத் தாண்டிப் போக வேணும். பின் 20 இஞ்ச் உள்ளுக்கு எண்டா மூலைக்குத் தூரம் 55 இஞ்ச் வருது, 51 இல்ல. பள்ளிக்கூடத்தில படிச்ச பைதகரஸ்தான், வேற ஒண்டுமில்ல. அதால 51 இருக்கு எண்டு நம்பி வளைச்சா அம்பது பாகை வர முதலே கண்ணாடி போயிடும். இதத் தெரிஞ்சுதான் இப்ப வாற கேம்பரில மூக்க வளைச்சு, ரெண்டு மூலையிலயும் வெட்டு வச்சு, கிங் பின் தொங்குற பெட்டியையும் முன்னுக்கு நீட்டி விடுறாங்க, கேபின் மூலை அந்த வெட்டுக்குள்ள போய் நிக்கும், அப்பிடி மூக்கு உள்ள ட்ரெய்லர் எண்டா 40 இஞ்சிலயும் முக்கால்வாசித் திருப்பத்துக்குத் தப்பலாம்.

றோட்டில ஓடேக்க 90 பாகை எண்டது வாறதே இல்ல எண்டதையும் சொல்ல வேணும். சந்தியில திரும்பேக்க பாதி அளவுதான் வரும். முழு வளைவு வாறது பின்னுக்கு எடுத்து ஒரு மூலைக்குள்ள செருகேக்க, அதாவது மரத்துக்கு நடுவில இருக்கிற கேம்ப் இடத்துக்க விடேக்க, இல்லாட்டி பெற்றோல் ஷெட்டில பிழையான பக்கத்தால உள்ளிட்டாப் பிறகு வெளிய வர வழி தேடேக்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்த நழுவுற ஸ்லைடர், தள்ளி வைக்கிற ஒஃப்செட் எண்ட காசுச் செலவெல்லாம்.

சரி, என்னென்ன இருக்கு. அசையாத ஹிட்ச்தான் மலிவு, பாரமும் குறைவு, கெட்டுப் போறதுக்கு அதுல ஒண்டும் இல்ல. 8 அடி பெட் வச்சிருக்கிறவர் வேற எதையும் யோசிக்கவே தேவையில்ல, ரெண்டு இஞ்ச் முன்னுக்கு வச்சுப் பூட்டிட்டுப் போகலாம். கட்டை பெட்காரனும், ட்ரெய்லர் மூக்கு வெட்டு உள்ளதா இருந்து, தானும் நிதானமாப் பின்னுக்கு எடுக்கிற ஆளா இருந்தா இதோட சமாளிக்கலாம். கட்டை பெட்டில அசையாத ஹிட்ச 10 இஞ்ச் பின்னுக்குத் தள்ளிப் பூட்டித் தாறன் எண்டு யாரும் சொன்னா மட்டும் அந்தக் கடைப் படியை மிதிக்காதீங்க.

மனுவல் ஸ்லைடர் எண்டது ரெண்டு நிலை உள்ளது. ஓடேக்க முன்னுக்கு, அக்சிலுக்கு மேல, லொக் பண்ணி இருக்கும், வளைக்க வேண்டி வரேக்க இறங்கிப் போய் லிவர இழுத்திட்டு, ட்ரெய்லர் பிறேக்கக் கையால பிடிச்சுக்கொண்டு பிக்கப்ப மெதுவா முன்னுக்கு எடுத்தா, ஹிட்ச் ட்ரெய்லரோட நிக்கும், பிக்கப் முன்னுக்குப் போகும், 10, 12 இஞ்ச் இடம் கிடைச்சிடும். 40 இப்ப 52 ஆச்சு. 12 இஞ்ச் பின்னுக்கு இருக்கேக்க முன் சில்லில 82 கிலோ குறையும் எண்டு மேல கணக்குப் பாத்தமே, நடக்கிற வேகத்தில அது ஒரு பிரச்சினையே இல்ல. குறை என்னண்டா வளைக்கிறதுக்கு முதலே யோசிச்சு இறங்க வேணும், நேர நிக்கேக்க செய்தா லேசு, பாதி வளைஞ்சு மாட்டுப்பட்டாப் பிறகு இழுத்தா லிவர் இறுகிக்கொண்டு நிக்கும், பின்னால ரெண்டு கார் ஹோர்ன் அடிச்சுக்கொண்டிருக்கும். முடிஞ்சாப் பிறகு திரும்ப முன்னுக்குக் கொண்டுபோய் லொக் விழுந்திட்டுதோ எண்டு கண்ணால பாக்க வேணும், இதத்தான் ஆக்கள் மறக்கிறது.

ஒட்டோ ஸ்லைடர் இந்த இறங்கி ஏறுற வேலைய இல்லாம ஆக்கிடும். புல்ரைட் காரன்ட சுப்பர் கிளைட் எண்டது இதுல பேர் போனது. கிங் பின்னோட ஒரு தட்டப் பூட்டி விடுவாங்க, அந்தத் தட்டு ட்ரெய்லரோட சேந்து திரும்பும், திரும்பேக்க ஹிட்சுக்குள்ள இருக்கிற கேம் எண்ட சுழல் துண்டத் தள்ளி, ஹிட்சே தானா பின்னுக்கு நழுவும், நேராகினா தானா முன்னுக்கு வந்திடும், 14 இஞ்ச் வரைக்கும் போகும். நேர ஓடேக்க பாரம் எப்பவும் சரியான இடத்தில. வேலை செய்யுற விதத்தப் பாத்தா எனக்கே ஆசையா இருக்கு. ஆனா விலை கூட, பாரமும் கூட, ஒரு ஆள் தூக்கி இறக்க ஏலாது, ட்ரெய்லர் மாத்தினா அந்தத் தட்டையும் கழட்டிப் பூட்ட வேணும். வருசம் முழுக்க இடம் மாறி மாறி நிக்கிறவனுக்குப் பெறுமதி. கோடைக்கு மட்டும் வெளிக்கிடுறவனுக்கு அந்தக் காசில கேம்பருக்கு நல்ல டயர் நாலு வாங்கலாம்.

இன்னொரு வழி ஹிட்சத் தொடாம ட்ரெய்லர் பக்கத்த மாத்துறது. ரீஸ் காரன்ட சைட்வைண்டர் எண்டு வந்தது அப்பிடித்தான், கிங் பின்ன ஒரு ஆப்பு வச்சு ஹிட்சோட திரும்பாமப் பூட்டிடும், திரும்புற இடத்த ஒரு கையில நீட்டி 22 இஞ்ச் பின்னுக்குக் கொண்டுபோகும். 40க்கு 22, இடம் தாராளம், இறங்கி லிவர் இழுக்கிறதும் இல்ல, பிக்கப்புக்குள்ள பாரமான சாமானும் இல்ல. ஆனா இதுல எனக்கு ஒரு நெருடல். எடை விழுறது ஹிட்ச் இருக்கிற இடத்திலதான், அதுல பிழை இல்ல, பக்கத் தள்ளல் வாறது திரும்புற இடத்தில, அது எப்பவும் அக்சிலுக்கு 22 இஞ்ச் பின்னால, நெடுஞ்சாலையில ஓடேக்கயும் அங்கதான். பாவிக்கிற ஆக்கள் கன பேர் ஒண்டும் தெரியேல்ல எண்டு சொல்லுறாங்க, பின்னுக்கு எடுக்கேக்க லேசு எண்டும் சொல்லுறாங்க, நான் இல்லையெண்டு சொல்லேல்ல, காத்துக்குப் பேர் போன ஊரில எண்டா நான் வாங்க மாட்டன்.

பிறகு பந்து வகை. பெட்டுக்கு நடுவில துளை போட்டு அடியில பூட்டுற கூஸ்நெக் பந்து, 2 5/16 இஞ்ச், பி அண்ட் டபிள்யூ காரன்ட ஆக்கினா பந்தக் கழட்டித் தலைகீழாப் போட்டு விடலாம், பெட் தட்டையா வந்திடும், சீமேந்து ஏத்தினாலும் ஒரு தடையும் இல்ல. அதுக்கு மேல கழட்டிப் பூட்டுற ஃபிஃப்த் வீல் ஹிட்சும் செய்யுறாங்க. ஆண்டர்சன் எண்டவன் அலுமினியத்தில ஒண்டு செய்யுறான், 16 கிலோ அளவில வரும், மச்சான்ட மனுசியே தூக்கி வைப்பா, அதுல வாய், ஜோ ஒண்டும் இல்ல, பந்துதான். இதெல்லாம் நல்லது. நான் வேண்டாம் எண்டுறது வேற ஒண்ட, கிங் பின்னில ஒரு நீளக் குழாய மாட்டி கீழ பெட்டில இருக்கிற பந்து வரைக்கும் இறக்கிற அடப்டர். குழாய் நீண்டா நெம்பு கூடும், ட்ரெய்லரின்ட முன் சேசி வெல்டிங்கில அந்த முறுக்கல் முழுக்க வரும், வெல்டிங் வெடிச்ச ட்ரெய்லர் ஒட்டுறவன் எண்ட முறையில சொல்லுறன், அந்த இடத்தில ஒருக்கா ஒட்டினது அடுத்த தரம் பக்கத்தில வெடிக்கும். சேசி செய்யுற கம்பனியள் வரன்டி தராம விடுறதுக்கும் இது ஒரு காரணம். இதுக்கெண்டே செய்த கூஸ்நெக் பின் பெட்டியள் வேற, அது செய்தவன் அனுமதி குடுத்திருந்தா பூட்டலாம்.

எங்க பூட்டுறது எண்டதுக்குள்ள எதுல பூட்டுறது எண்டதும் வருது. பழைய முறை பெட்டுக்கு மேலால ரெண்டு ரெயில் போட்டு, துளை அடிச்சு, அடியில சேசியில பிறெக்கட் வச்சு போல்ட் இறுக்கிறது, இதுல ரெயிலத் துளை அடிக்கேக்க நீங்க விரும்பின இடத்தில வைக்கலாம், கொஞ்சம் முன்ன பின்ன. புதுசா வாற பெரிய பிக்கப்பில கம்பனியே பெட்டுக்கு நாலு துளை விட்டு அடியில குறுக்குச் சட்டம் போட்டுக் குடுக்குது, ஹிட்சக் கொண்டுபோய் வச்சுக் கால் மடிச்சு விட்டா முடிஞ்சுது, கழட்டவும் ரெண்டு நிமிசம், இடத்தக் கம்பனியே தீர்மானிச்சிட்டான், அக்சிலுக்கு மேல இல்லாட்டி கொஞ்சம் முன்னால வாற மாதிரி. மச்சான்ட வாகனத்தில அது இருக்கு எண்டா ரெயில் வேலையே வேண்டாம், அந்தத் துளைக்கு வாற ஹிட்ச் மட்டும் பாத்து எடுக்கட்டும்.

உயரத்தச் சொல்லாம விட ஏலாது. பெட் விளிம்புக்கும் ட்ரெய்லர் மூக்கின்ட அடிக்கும் இடையில அஞ்சரை, ஆறு இஞ்ச் இடைவெளி வேணும், குண்டும் குழியுமான இடத்தில பிக்கப் ஒரு பக்கம் சரிய, மூக்கு விளிம்பில இறங்கி நசுக்கும். அதுக்காக ஹிட்ச உயத்திக்கொண்டே போனா ட்ரெய்லர் வால் நிலத்தில இழுபட மூக்க உயத்திக்கொண்டு ஓடும், ட்ரெய்லரின்ட பின் அக்சிலுக்குப் பாரம் கூடும், அதுவும் கூடாது. ட்ரெய்லர் மட்டமா நிக்க வேணும், இடைவெளியும் வேணும், ரெண்டும் ஒண்டா வராட்டி ட்ரெய்லரின்ட ஸ்பிரிங்கில தான் கை வைக்க வேணும். பின் கதவையும் பாருங்க, ஹிட்ச் முன்னுக்குப் போகப் போக ட்ரெய்லரின்ட படி மாதிரி இறங்கிற இடம் பிக்கப்பின்ட வாலுக்குக் கிட்ட வரும், வளைக்கேக்க வால் மூலை அங்க முட்டும்.

ஆனா இதெல்லாத்துக்கும் முதல் மச்சான் செய்ய வேண்டியது சாரதிக் கதவத் திறந்து அந்த ஸ்டிக்கரப் பாக்கிறது. ஆக்களும் சாமானும் சேத்து இவ்வளவுக்கு மேல ஏத்தாத எண்டு எழுதியிருக்கும். சின்ன வகைப் பிக்கப்பில அது 700இல இருந்து 900 கிலோ, 1,100 கிலோ கிங் பின் பாரத்துக்கு அங்கயே கதை முடிஞ்சுது, ஹிட்ச எங்க வச்சாலும் சரி வராது. முக்கால் டன் எண்டு விக்கிற அடுத்த பெரிய வகையிலயும் டீசல் எஞ்சின் போட்டு, தோல் சீட் போட்டு, எல்லாம் சேர வாகனத்தின்ட பாரமே ஏறி, மிஞ்சுறது ஒரு டன் அளவில நிக்கிற வாகனங்கள் இருக்கு. இழுக்கிற வலு வேற, தாங்குற வலு வேற, விளம்பரத்தில போடுறது எப்பவும் இழுக்கிற வலு. ஹிட்சின்ட பாரம், மச்சான், மனுசி, பிள்ளையள், நாய், ஐஸ் பெட்டி எல்லாம் அந்த ஸ்டிக்கருக்குள்ள அடங்க வேணும்.

அது அடங்கினா நான் சொல்லுறது மனுவல் ஸ்லைடர். மச்சான் இதுவரைக்கும் ட்ரெய்லரோட பின்னுக்கு எடுத்த ஆள் இல்ல, பின்னால பாத்து ஸ்டியரிங் எந்தப் பக்கம் எண்டு யோசிக்கிற அவசரத்தில மூலை எங்க நிக்குது எண்டு கவனிக்க மாட்டார், அசையாத ஹிட்சோட அவர அனுப்ப எனக்கு மனம் வரேல்ல. ஒட்டோ ஸ்லைடருக்குக் குடுக்கிற காசு அவர்ட பாவிப்புக்குக் கூட. அவர் பாத்து வச்சிருக்கிற கேம்பருக்கு மூக்கு வெட்டு இருக்கு, அதோட ஸ்லைடரும் சேந்தா ரெண்டு பாதுகாப்பு. வாங்கின உடன ஒரு வெறும் கார் பார்க்கில கொண்டுபோய், மனுசிய வெளிய நிப்பாட்டி, ரெண்டு நிலையிலயும் மெதுவா வளைச்சு, எந்தப் பாகையில கை அகலம்தான் மிச்சம் எண்டு கண்டு வைக்கட்டும், கண்ணாடியில ஒரு டேப் துண்டு ஒட்டி அடையாளம் போட்டாலும் நல்லது. வாகனம் இன்னும் எடுக்காத ஆள் யாரும் இத வாசிச்சா, 8 அடி பெட்ட எடுங்க, நிப்பாட்டுற இடம் சிக்கல்தான், ஆனா மேல எழுதினதில பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கொழுவினாப் பிறகு செய்யுறது எல்லா வகைக்கும் ஒண்டுதான். சீனக்குடாவில பழைய ட்ரைவர்மார் கடக் எண்ட சத்தத்த நம்ப மாட்டாங்க, குனிஞ்சு டோர்ச் அடிச்சு ஜோ கிங் பின்னுக்குப் பின்னால முழுசா மூடியிருக்கோ எண்டு பாப்பாங்க, தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் இடையில வெளிச்சம் தெரிஞ்சா பின் உயரத்தில மாட்டியிருக்கு எண்டு அர்த்தம், திரும்பக் கழட்டுவாங்க. பிறகு ட்ரெய்லர் முன்னுக்கு ஊண்டி நிக்கிற கால முழுசா உயத்த முதல் ட்ரெய்லர் பிறேக்கப் பிடிச்சு ஒரு இழுவை இழுத்துப் பாப்பாங்க. கேம்பருக்கும் அப்பிடியே செய்யுங்க, கால் நிலத்தில இருந்து ரெண்டு இஞ்ச் உயந்திருக்கேக்க இழுங்க, விட்டுப் போனாலும் ட்ரெய்லர் காலில நிக்கும், பெட் விளிம்பில விழாது.

இனி எங்கட ஊர்க்காரருக்கு. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் டபுள் கெப் வச்சு போட் இழுக்கிற ஆக்கள்தான் இதக் கேட்டது, பெட்டுக்குள்ள பூட்டினா வாகனம் ஆடாது எண்டு யாரோ சொன்னாங்களாம். ஆடாதுதான், ஆனா உங்களுக்கு அது வேண்டாம். ஹைலக்ஸ் மாதிரி டபுள் கெப்பில பெட்டே அஞ்சடி அளவு, அதுக்கு நடுவில இரும்ப நட்டா இஞ்சின், பெற்றோல் கான், வலை எல்லாம் எங்க ஏத்துறது. போட் ட்ரெய்லருக்கு மூக்கு உயத்திச் செய்ய வேணும், செலவு ரெண்டு மடங்கு, பிறகு அந்த ட்ரெய்லர ட்ரக்டரில கொழுவ ஏலாது, கடற்கரையில மணலுக்க புதைஞ்சா ட்ரக்டர்தானே கடைசியில வரும். ட்ரெய்லரும் போட்டும் இஞ்சினும் சேத்து ஒரு டன்னுக்கு உள்ளுக்க எண்டா பந்தில விழுறது 100 கிலோதான், அது பின்னால இருந்தாலும் டபுள் கெப் தாங்கும்.

உங்களுக்கு வேண்டியது சேசியில பிடிச்ச டோ பார். பம்பரில துளை போட்டுப் பந்து வைக்கிறது வேற, அது பம்பரோட கழண்டு வாறத நானே எத்தினையோ கண்டிருக்கிறன், தகடு மெல்லிசு. ரெண்டு பக்கச் சேசிச் சட்டத்திலயும் ப்ளேட் போட்டு, வெல்டிங் இல்லாம போல்ட்டில, குறுக்கால ஒரு பொக்ஸ் பார், அதுக்கு நடுவில பந்து, சேசிக்கு மேல வெல்டிங் வச்சா அந்த இடம் சூடு கண்டு பலம் குறையும். பந்த எவ்வளவுக்கு உள்ளுக்கு, அக்சிலுக்குக் கிட்டக் கொண்டுபோக ஏலுமோ அவ்வளவுக்கு நல்லது, மேல எழுதின நெம்புக் கணக்கு இங்கயும் அதேதான், ஆனா பின் கதவத் திறந்து விடேக்க ட்ரெய்லரின்ட வின்ச் கம்பத்தில அடிக்காத அளவுக்கு வெளிய வேணும். போட்ட ட்ரெய்லரில முன்னுக்கு ஒரு கைச் சாண் தள்ளி வச்சா பந்துப் பாரம் கூடும், பின்னுக்குத் தள்ளினா குறையும், குறைஞ்சா அறுபதில ஓடேக்க வாலாட்டும், அதால மொத்தத்தில பத்தில ஒரு பங்கு பந்தில விழுற மாதிரி போட்ட வச்சு, அந்த இடத்தில ட்ரெய்லர் சட்டத்தில பெயின்டால ஒரு கோடு போட்டு விடுங்க. பந்தின்ட உயரம் அளக்கேக்க இஞ்சின், கான், ஐஸ் எல்லாம் கெப்பில ஏத்தி அளந்து கொண்டு வாங்க, வெறும் வாகனத்தில அளந்தா ஸ்பிரிங் இறங்கினாப் பிறகு ட்ரெய்லர் மூக்குக் குத்தி நிக்கும்.